ரெண்டு மாடு, ஒரு யானை, ஒரு தரை

— குட்டி, இங்க வா. விரலக் குடு. மேடம் கேக்கறாங்க.

— சார், நான் உங்க விரலைத்தான் கேட்டேன். போன்ல உங்க கட்டைவிரல வெச்சு உறுதி பண்ணுங்கன்னு.

— என் விரல் அதுல வேலை செய்யாது மேடம். அதுல ரேகையே கிடையாது.

— புரியல சார்.

— நான் தரைக்கு டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரி மேடம். இருவது வருஷமா சிமென்ட்லயே ஊறின கை. தேஞ்சு தேஞ்சு கூழாங்கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஒரு ஜோசியக்காரர் என் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, தம்பி, உனக்கு இன்னும் தலையெழுத்தே எழுதல, போய் அப்புறமா வான்னுட்டாரு.

— அப்போ இந்தப் போன்ல பதிஞ்சிருக்கறது யார் விரல் சார்?

— என் பொண்ணோடது. மூணாங்கிளாஸ் படிக்கிறா. போன் வாங்கின அன்னிக்குக் கடைக்காரர் என் பத்து விரலையும் வெச்சுப் பாத்தாரு. கால் விரல் ஒண்ணுதான் பாக்கி. நம்பர் போட்டு வெச்சுக்கோங்கன்னாரு. நம்பர் என் மண்டையில நிக்காது. பக்கத்துல இவ நின்னா. விரல வெச்சோம், ஒரே அமுக்குல திறந்துச்சு.

— அப்போ போன் உங்களுது, சாவி பாப்பாவுது.

— நீங்க சொல்லும்போதுதான் மேடம் கொஞ்சம் கூச்சமா இருக்கு.

— வேலைக்குப் போற எடத்துல என்ன பண்ணுவீங்க?

— யாராவது கூப்பிட்டா எடுக்கறதுக்கு விரல் வேணாம்ல. மத்ததுக்கெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வருவேன்.

— சரிங்க சார். உங்க பொறுமைக்கு நன்றி. பாப்பா, விரல வெச்சுட்டியாம்மா?

— வெச்சுட்டேன் ஆன்ட்டி. பச்சையா டிக் வந்துச்சு.

— தேங்க்ஸ்மா. சார், பிரச்சினை என்னன்னு ஒரு தடவை நீங்களே சொல்லிடுங்க.

— அதாவது மேடம், பேங்க்ல நான் வெச்சிருந்த காசு பாதியாயிடுச்சு. எங்கடா போச்சுன்னு பாத்தா வரிசையா உங்க கம்பெனி பேரு. பண்ணை வெச்சு விளையாடுவாங்களே, அந்த விளையாட்டு. கோழி, மாடு, வண்டின்னு என்னென்னமோ வாங்கியிருக்கா. நெசமான காசு மேடம். எங்க வீட்டுக்குத் தரை போட வெச்சிருந்த காசு.

— நீங்கதான் தரை போடற மேஸ்திரின்னு சொன்னீங்களே.

— ஊருக்கெல்லாம் போடறேன். எங்க வீட்ல இன்னும் வெறும் சிமென்ட் தரைதான். கூட்டினா கூட்டக் கூட்டப் புழுதி வரும். இந்த லீவுக்குள்ள போட்டுடறேன்னு என் வீட்டுக்காரிகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன். காசு பாதியாப் போனது அவளுக்குத் தெரியாது. அவ கடையில இருந்து வர்றதுக்குள்ள இத முடிச்சுக் குடுத்தீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— அப்பா, அம்மா இன்னிக்குச் சீக்கிரம் வருவா.

— வாய வெச்சுட்டுச் சும்மா இரு தாயி.

— சார், விரல் யாருதுங்கறதுல நாங்க தலையிடறதில்ல. நாங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். வாங்கும்போது வீட்டுப் பெரியவங்க யாராவது சரின்னு சொன்னாங்களா? சொல்லியிருந்தா பணம் திரும்ப வராது. யாருமே சொல்லாம குழந்தையா வாங்கியிருந்தா அந்தப் பணம் முழுசா வரும். ஒவ்வொரு பொருளா நான் கேப்பேன், நீங்க பதில் சொல்லணும்.

— யாரும் சொல்லல மேடம். மொத்தமா எழுதிக்கோங்க.

— அப்பா.

— என்ன?

— நீ சொன்னியேப்பா.

— நான் என்னத்த சொன்னேன்?

— மாட்டுக்கு.

— எந்த மாட்டுக்கு?

— சார், பாப்பா என்ன சொல்லுது?

— ஒண்ணுமில்ல மேடம். குட்டி, போய் அப்பாவுக்குத் தண்ணி கொண்டு வா.

— உன் பக்கத்துலயே சொம்பு இருக்கேப்பா.

— அது சூடாயிடுச்சு. வேற கொண்டு வா.

— நான் போனதும் நீ பொய் சொல்லப் போற.

— பாத்தீங்களா மேடம். உப்புக்கல்லுக்கும் வைரக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாத வயசுதான். ஆனா அப்பன் வாயத் திறக்கறதுக்குள்ள வயித்துல இருக்கறது தெரிஞ்சுடுது.

— பரவால்ல சார், பாப்பா இங்கயே இருக்கட்டும். முதல்ல மாடு. ரெண்டு மாடு வாங்கியிருக்கு. இதுக்கு நீங்க சரின்னு சொன்னீங்களா?

— நீ சாப்பிட்டுட்டு இருந்தப்பா. நான் வந்து, அப்பா ஒரு மாடு வாங்கிக்கட்டுமான்னு கேட்டேன். நீ உடனே, ஒண்ணு தனியா நின்னா ஏங்கிப் போயிடும், ரெண்டா வாங்குன்னு சொன்ன.

— ஐயோ.

— சார்?

— சொன்னேன் மேடம்.

— ரெண்டா வாங்கச் சொன்னதும் நீங்கதானா?

— மாடு மந்தையில நிக்கற சாதி மேடம். ஒத்த மாடு ஒழுங்காத் தின்னாது. அத மனசுல வெச்சுச் சொல்லிட்டேன். ஆனா அது காசு குடுத்து வாங்கற மாடுன்னு சத்தியமாத் தெரியாது. நாங்கல்லாம் சின்ன வயசுல இலையக் கிள்ளிப் போட்டு, இந்தா நூறு ரூவான்னு மளிகைக்கடை விளையாடுவோம். இதுவும் அந்த மாதிரின்னுதான் நெனச்சேன். வெளையாட்டுல என்ன கஞ்சத்தனம், புள்ள ஆசையாக் கேக்குது, அள்ளிக் குடுப்போம்னு இருந்துட்டேன்.

— புரியுது சார். ஆனா பாப்பா கேட்டுச்சு, நீங்க சரின்னு சொன்னீங்க. அதனால மாட்டுப் பணம் வராது. அடுத்து கோழி, ஒரு கூடை.

— அது பல் தேய்க்கும்போது ஆன்ட்டி. அப்பா தலைய ஆட்டினாரு.

— பல் தேய்க்கும்போது தலை ஆடத்தானே மேடம் செய்யும்?

— மேலயும் கீழயும் ஆட்டின. பல்லு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்தான் தேய்ப்ப.

— சார், கோழியையும் விட்டுடலாமா?

— விட்டுடுங்க. கோழிக்கு நான் கோர்ட்டுக்கா போக முடியும்.

— அடுத்தது குதிரை வண்டி.

— அது உங்கப்பனுக்கு ஞாபகம் இருக்கு, நீ சொல்ல வேணாம். நடந்தே போறியே பட்டு, கால் வலிக்காதா, வண்டி வாங்கிக்கோன்னு நானேதான் சொன்னேன். அவ கேக்கக் கூட இல்ல மேடம். நானா முன்வந்து சொன்னேன்.

— சார், நீங்க ரொம்பத் தாராளமான ஆளா இருக்கீங்க.

— நெச வாழ்க்கையில முடியலையே மேடம். அதான் அங்க கொஞ்சம் கை நீட்டிட்டேன்.

— அடுத்து... சார், இது பறக்கற யானைன்னு போட்டிருக்கு.

— அது எங்க மேடம் நிக்குது?

— வாசல்ல ஆன்ட்டி. திருடன் வந்தா மேல பறந்து தண்ணி பீச்சும். அப்பாதான் சொன்னாரு, வண்டி, மாடுன்னு இவ்வளவு சொத்து இருக்கு, வாசலுக்கு ஒரு காவல் வேணாமான்னு.

— சொன்னேன். அதையும் சொன்னேன். மேடம், நீங்க சிரிக்கறீங்களா?

— இல்ல சார். தொண்டையில ஏதோ.

— சிரிங்க மேடம். யாராவது ஒருத்தராவது சிரிக்கட்டும்.

— சார், ஒண்ணு கேக்கட்டுமா, இது என் படிவத்துல இல்லாத கேள்வி. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் எல்லாத்தையும் திருப்பிப் போட்டிருப்பேன். நான் பாப்பாவ விசாரிக்கவும் போறதில்ல. ஏன் சார் ஒத்துக்கறீங்க?

— நெனச்சேன் மேடம். போன் போடும்போது அப்படித்தான் சொல்லணும்னு நெனச்சுட்டு உக்காந்தேன். இவ எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்து என் வாயவே பாத்துட்டிருக்கா. அவ கேட்டா, நான் சரின்னேன். இப்போ இல்லன்னு சொன்னா, திருடினது இவதான்னு ஆயிடும். காசு போனா உழைச்சுச் சம்பாதிச்சுக்கலாம். எம்புள்ளையத் திருடியாக்கி அந்தக் காச வாங்கி நான் என்ன பண்ண?

— அப்பா, நீ அழறியா?

— சிமென்ட்டுத் தூசி.

— இங்க ஏதுப்பா சிமென்ட்டு?

— தரை பூராவும் சிமென்ட்டுதான். கீழ பாரு.

— சார், ஒரு நிமிஷம், கடைசியா ஒண்ணு இருக்கு. இதுதான் பெருசு. மொத்தத்துல முக்காவாசி இது ஒண்ணுக்கே போயிருக்கு. பளிங்குத் தரை, வீடு முழுக்க.

— என்னது?

— தரை சார். பளிங்குல.

— தரையா? தரை போடறவன் வீட்டுலயே வந்து தரைய வித்துட்டீங்களா மேடம் நீங்க? இதென்ன கொல்லன் தெருவுல ஊசி விக்கறது.

— அப்பா, அதுக்கு நான்...

— இரு. மேடம், இதுக்கு நான் சரின்னு சொல்லவே இல்ல. இது எனக்கு நல்லாத் தெரியும். தரைன்னு ஒரு வார்த்தை என் காதுல விழுந்திருந்தா நான் தூக்கத்துல இருந்தாலும் எழுந்து உக்காந்துடுவேன். என்ன கல்லு, என்ன அளவு, தண்ணி ஓட எந்தப் பக்கம் வாட்டம்னு கேக்காம விட்டிருக்க மாட்டேன்.

— உறுதியாச் சொல்றீங்களா சார்?

— எம்பொண்ணு மேல ஆணையா. குட்டி, நீயே சொல்லு. தரைக்கு அப்பாகிட்ட கேட்டியா?

— உங்கிட்ட கேக்கலப்பா. ஆனா...

— போதும். கேட்டுக்கிட்டீங்களா மேடம்? எங்கிட்ட கேக்கல. அவளே சொல்லிட்டா.

— அப்போ இந்தப் பணம் உங்களுக்குத் திரும்ப வர வாய்ப்பு இருக்கு சார்.

— முழுசாவா?

— முழுசா.

— குட்டி, கேட்டியா? தரைக் காசு வருது. அடேயப்பா, இப்பத்தான் மேடம் மூச்சே விடறேன். ஆமா, அது எப்படித்தான் இருக்குன்னு ஒரு தடவை காட்டு குட்டி. பேசிட்டிருக்கும்போதே பாக்கலாம்ல மேடம்? போன் கட்டாயிடாதே?

— ஆகாது சார். பாருங்க.

— விரல வை. ம். இதானா? நகத்து. இன்னும் கொஞ்சம் கிட்ட. குட்டி.

— என்னப்பா?

— இத யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?

— எத?

— நடுவுலருந்து ஆரம்பிச்சிருக்க. ரெண்டு ஓரத்துலயும் வெட்டுக் கல்லு ஒரே அகலமா வர்ற மாதிரி. மேடம், எங்கிட்ட வேலை பாக்கற ஆளுங்களுக்கு இத மண்டையில ஏத்த எனக்குத் தாவு தீந்துபோகுது. சுவத்தோரத்துல இருந்து ஆரம்பிச்சுட்டுக் கடைசியில ரெண்டு விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையா வெட்டி ஒட்டுவானுங்க. இவ பாருங்க, நூல் புடிச்ச மாதிரி.

— நீ ஒரு நாள் சாப்பிடும்போது தட்டுல சப்பாத்தியப் பிச்சுப் பிச்சு வெச்சுக் காமிச்சியேப்பா.

— வெச்சேனா? வெள்ளைக் கல்லு, ஓரமா ஒத்தை வரிசை நீலம். கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. இது என்ன, வாசப்படிக்கிட்ட மட்டும் ஒரு கல்லு வேற கலரா இருக்கே?

— அது அம்மா செருப்பு விடற எடம்.

— மேடம், இந்தத் தரையத் திருப்பிக் குடுத்துட்டா அங்க என்ன ஆகும்?

— விளையாட்டுல அது மறைஞ்சிடும் சார். பழைய மண்தரை வந்திடும்.

— வருத்தமாத்தான் இருக்கு மேடம். நல்ல வேலைப்பாடு. ஆனா என்ன பண்ண, பொய்த்தரைக்கு மெய்க்காசு குடுக்க முடியுமா. எடுத்துக்கோங்க. குட்டி, அப்பா உனக்கு நெசமாவே போட்டுக் குடுக்கறேன். நீயே நூல் புடி, நான் பதிக்கறேன்.

— பிராமிஸ்?

— பிராமிஸ்.

— நீ அம்மாவுக்கும் இதேதான் சொன்ன.

— இந்தப் புள்ளைய ஊமையாப் பெத்திருக்கலாம் மேடம்.

— சார், இன்னும் ஒரே ஒரு விஷயம்தான். வீட்டுல இன்னொரு பெரியவங்க இருந்தா அவங்களும் இதே மாதிரி சொல்லணும். அனுமதி குடுக்கலன்னு. மேடம்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா முடிச்சிடலாம்.

— எந்த மேடம்?

— உங்க வீட்டு மேடம்.

— ஐயையோ. அது வேணாம். வேற வழி இல்லையா? நானே கொஞ்சம் குரல மெலிசாக்கிப் பேசவா?

— சார், நான் உங்கள நாலு மாட்டு விஷயத்துல நம்பினேன். இதுல கெடுத்துக்காதீங்க.

— ரெண்டு மாடுதான் மேடம்.

— அப்பா, கேட் சத்தம். அம்மா வந்துட்டா.

— மேடம், நான் அப்புறம் கூப்பிடறேன்.

— சார், இப்ப வெச்சீங்கன்னா மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். மாட்டுல இருந்து.

— யாருங்க அது? ஸ்பீக்கர்ல யாரு பொம்பளைக் குரல்? மாடுன்னு காதுல விழுந்துச்சே, மாடு வாங்கப் போறீங்களா?

— வாங்கியாச்சும்மா. ரெண்டு.

— குட்டி, நீ உள்ள போ.

— எதுக்கு உள்ள போகணும்? நில்லு குட்டி. என்னங்க, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. கையில போன், கண்ணு செவந்திருக்கு, புள்ள திருட்டு முழி முழிக்குது. எட்டு மணி நேரம் கடையில நின்னுட்டு பில் போட்டுட்டு வர்றேன், என் காலு ரெண்டும் எனக்குச் சொந்தமில்ல. சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க.

— வணக்கம் மேடம். நான் விளையாட்டுக் கம்பெனியில இருந்து பேசறேன். வாடிக்கையாளர் சேவை.

— விளையாட்டுக் கம்பெனியா? இவரு என்ன விளையாடறாரு?

— நான் விளையாடல. குட்டி விளையாடினா. அதாவது, நீ முதல்ல உக்காரு. உக்காந்துக்கிட்டியா? குட்டி போன்ல பண்ணை விளையாடினால்ல, அதுல கோழி, மாடுன்னு வாங்கினதுல நெசமாவே காசு போயிருக்கு. தரைக்கு வெச்சதுல. பாதி.

— பாதியா?

— ஆனா பயப்படாத, முக்காவாசி திரும்பி வந்துடும். மேடம் சொல்லிட்டாங்க. நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

— முக்காவாசி வரும்னா மிச்சம் கால்வாசி?

— அது நான் சரின்னு சொல்லி வாங்கினதாம்.

— சார் உண்மைய ஒத்துக்கிட்டாங்க மேடம். மாடு, கோழி, வண்டி, யானை எல்லாத்துக்கும் சரின்னு சொன்னது சார்தான்.

— யானையா?

— பறக்கும்மா அது.

— அது பறக்கட்டும். உங்கப்பா கண்ணுக்கு முன்னாடி காசும் பறந்திருக்கு. என்னங்க, உங்களுக்குக் காது எதுக்கு இருக்கு? கண்ணாடி மாட்டறதுக்கா? நான் கடையில நாள் முழுக்க நிக்கறேன். ஒரு குழந்தை ஒரு மிட்டாயத் தூக்கிட்டு வந்து வெச்சா, பக்கத்துல நிக்கற பெத்தவங்கள நிமிந்து பாத்து, போடட்டுமான்னு கேட்டுட்டுத்தான் பில்லுல அடிப்பேன். இவரு இருக்காரே, புள்ள வந்து என்ன கேக்குதுன்னு ஒரு நொடி நின்னு கேக்கறது கிடையாது. வாங்கு, வாங்கு, ரெண்டா வாங்கு. பெரிய ஜமீன்தாரு. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி.

— தப்புதான். ஒத்துக்கறேன்.

— அவ குழந்தை. அவளுக்கு எது காசு, எது வெளையாட்டுன்னு எப்படித் தெரியும்? நாமதான் கேக்கணும். என்ன வாங்கற, எவ்வளவு, எதுக்குன்னு மூணு கேள்வி. வாய் தேஞ்சா போயிடும்? விரல் தேஞ்ச மாதிரி.

— மேடம், நேரம் ஆகுது, ஒரு சின்ன உறுதி மட்டும்...

— இருங்கம்மா, நீங்களும் கேளுங்க. ஒரு சாட்சி இருக்கட்டும். குட்டி மேல எனக்குக் கோபமே இல்ல. அவ கேட்டுட்டுத்தான் செஞ்சிருக்கா, எம்பொண்ணு தங்கம். இந்த வீட்ல யாரு காது குடுக்காம தலைய ஆட்டினாளோ, ஆட்டினானோ, அவங்களுக்குத்தான் தண்டனை. புதுத் தரை வர்ற வரைக்கும் தினம் இந்தச் சிமென்ட்டுத் தரையக் கூட்டறது, தொடைக்கறது, சாமான் தேய்க்கறது, லீவு நாள்ல சமையல், எல்லாம் அந்த ஆள்தான். ஒரு முணுமுணுப்பு வரக் கூடாது. சரியா?

— சமையலுமா?

— சமையலும்.

— சரி. தலையாட்டின ஆள்தானே. சாரிம்மா. ஒத்துக்கறேன்.

— சாரி பூரி எல்லாம் எங்கிட்ட வேணாம், செஞ்சு காட்டுங்க. இப்போ சொல்லுங்கம்மா, நான் என்ன சொல்லணும்?

— ரொம்ப நன்றி மேடம். கடைசிப் பொருளுக்கு மட்டும்தான் உங்க உறுதி வேணும். அது கொஞ்சம் பெரிய தொகை. அதுக்கு சார் அனுமதி குடுக்கல. நீங்களும் குடுக்கலன்னு சொல்லிட்டீங்கன்னா பணம் அப்படியே வந்துடும்.

— நானா? ஒரு பட்டன் வாங்கறதுன்னாலும் நாலு கடை ஏறி இறங்கற ஆளு நான். எங்கிட்ட கேட்டா நான் விட்டுடுவேனா? கனவுல கூட குடுக்க மாட்டேன். எழுதிக்கோங்க.

— அம்மா.

— பயப்படாத கண்ணு, உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

— இல்லம்மா, நான் வந்து...

— குட்டி, அம்மா பேசிட்டிருக்காங்கல்ல. நடுவுல புகாத. நல்லபடியா முடியப் போகுது.

— எழுதிட்டேன் மேடம். இன்னும் ஒரு நிமிஷம். பாப்பா ரொம்ப நேரமா ஏதோ சொல்ல வருது, ஒவ்வொரு தடவையும் நீங்க ரெண்டு பேரும் நிறுத்திட்டீங்க. காது குடுக்கணும்னு மேடமே இப்பத்தான் சொன்னாங்க. அதனால நான் கேக்கறேன். பாப்பா, என்னம்மா சொல்ல வந்த?

— நான் கேட்டேன் ஆன்ட்டி.

— என்ன கேட்ட?

— தரைக்கு. கேக்காம நான் எதுவும் வாங்க மாட்டேன்.

— என்ன குட்டி உளர்ற? எங்கிட்ட கேக்கலன்னு இப்பத்தானே சொன்ன.

— உங்கிட்ட கேக்கலப்பா. அம்மாகிட்ட கேட்டேன்.

— எங்கிட்டயா? எப்ப?

— அன்னிக்கு நீ தரை தொடச்சிட்டு இருந்தம்மா. தொடைக்கத் தொடைக்கத் துணி கறுப்பா ஆயிட்டே இருந்துச்சு. இடுப்பப் புடிச்சுக்கிட்டு சுவத்துல சாஞ்சு உக்காந்த. வெள்ளையில நீலக் கரை வெச்ச தரைன்னா எவ்வளவு நல்லாருக்கும்னு சொன்ன. அப்பத்தான் நான் வந்து கேட்டேன், அம்மா, நான் அப்படி ஒரு தரை போட்டுக்கட்டுமான்னு.

— அதுக்கு மேடம் என்ன சொன்னாங்க பாப்பா?

— அம்மா சிரிச்சாங்க ஆன்ட்டி. என்னைக் கட்டிப் புடிச்சு முத்தம் குடுத்துட்டு, போடு தங்கம், உங்கப்பா இந்த ஜென்மத்துல போட மாட்டாரு, நீயாவது போடு, எவ்வளவு செலவானாலும் பரவால்லன்னு சொன்னாங்க.